அந்தப் பாட்டி நம்ம ஊர்க்காரங்க!

‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பீங்க? அதில் கண்ணில் பட்டதையெல்லாம் லபக்குனு சுருட்டுமே ஒரு பாட்டி, ஊர்வசிக்குப் பாட்டி! காமேஸ்வரன், பீம்பாய்னு கேரக்டர் பேரெல்லாம் வரிசையா ஒப்பிப்போம். அந்தப் பாட்டியா நடிச்சவங்க பேர் தெரியுமா பாஸ்?

எஸ்.என்.லட்சுமி. அந்த ‘எஸ்’ என்னன்னு தெரிஞ்சா கரிசல்காட்டுப் பசங்க காலரைத் தூக்கி விட்டுக்கலாம். சென்னல்குடி! கோவில்பட்டியில் பஸ் ஏறி சாத்தூர் தாண்டினா விருதுநகர் வருமே, அதுக்குப் பக்கத்துக் கிராமம்.

மழையை நம்பிப் பருத்தியும் சோளமும் விதைக்கிற பூமி. அங்கிருந்து சின்ன வயசிலேயே நாடகத்துக்காக வீட்டை விட்டுக் கிளம்பியவர் லட்சுமி. கலைவாணர் என்.எஸ்.கே.யின் நாடகக் குழுவில் நடித்தார். ஜெமினியின் ‘சந்திரலேகா’ (1948) முரசு நடனத்தில் கூட்டத்தோடு கூட்டமாக ஆடினார். எம்.ஜி.ஆரின் ‘பாக்தாத் திருடன்’ (1960) படத்தில் டூப் போடாமல் சிறுத்தையோடு சண்டை போட்டார்னு சொல்வாங்க. அம்மாடி!

பெயர் வாங்கித் தந்தது ‘சர்வர் சுந்தரம்’ (1964). நாகேஷுக்கு அம்மா. மகன் பெரிய நடிகனாகிவிடுகிறான். ஆனா அம்மாவோட கடைசி நேரத்தில் பக்கத்தில் இருக்க முடியல. தியேட்டரே அழுதது. இதில் விஷயம் என்னன்னா, நாகேஷும் அவரும் கிட்டத்தட்ட ஒரே தலைமுறை! ஒருமுறை தலையில் நரை பூசினா அவ்வளவுதான், அப்புறம் அம்மா, பாட்டி வேஷம்தான் தேடி வரும்.

ஹாலிவுட்லயும் இதே கதைதான். பியூலா பாண்டின்னு ஒரு நடிகை. ‘மேக் வே ஃபார் டுமாரோ’ (1937) படத்தில் பிள்ளைகள் கைவிட்ட எழுபது வயசுக் கிழவியா நடிச்சப்போ அவருக்கு வயசு 48. ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டுக்கு நாலு படத்தில் அம்மா. ஸ்டூவர்ட்டை உலகத்துக்கே தெரியும். அந்த அம்மாவை?

நம்ம லட்சுமியம்மா விடலையே! ‘மகாநதி’ (1994), ‘விருமாண்டி’ (2004), ‘சரவணன் மீனாட்சி’ சீரியல்னு கடைசி வரைக்கும் கேமரா முன்னால் நின்றார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 2012 பிப்ரவரி 20-ல் சென்னையில் காலமானார்.

சினிமா கனவோட ரயிலேறுற நம்ம ஏரியா பசங்க நிறைய. ஹீரோ ஆகலைன்னா தோத்துட்டதா நினைச்சுத் திரும்பி வர்றவங்களும் உண்டு. அறுபது வருஷத்துக்கு மேல் ஹீரோயினே ஆகாம நின்னு விளையாடியிருக்காங்க ஒரு சென்னல்குடிக்காரங்க. ஹீரோ கதறி அழணும்னா ஒரு மடி வேணுமில்லையா மக்கா? அந்த மடிக்கும் ஒரு பேர் இருக்கு. டைட்டில் ஓடுறப்போ பாப்கார்ன் வாங்கப் போயிடாதீங்க!