மூச்சிழுப்புக் கருவிகளும் மலையகமும்

தேயிலைத் தொழிற்சாலையின் சலிப்பறையில் எழும் பஞ்சு போன்ற தூசி ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடும் என்பதை இலங்கை மருத்துவர் ஊராகொட 1970இல் எழுதினார். லயத்து அறைகளை மூடும் விறகுப் புகையும் நாட்பட நுரையீரலைக் கெடுப்பதே. இந்நோய்களுக்கு மருந்து மூச்சின் வழியே செல்லுதல் நன்று. அளவு சிறிதாயினும் பயன் பெரிதாம். எனின், எக்கருவி ஏற்றது?

1956இல் விற்பனைக்கு வந்த அழுத்தக் குப்பி மருந்தைத் தானே பீறிடச் செய்யும்; அதனை மெல்ல, ஆழ்ந்து இழுத்துப் 10 விநாடி மூச்சடக்குதல் வேண்டும். அழுத்துதலும் இழுத்தலும் ஒருங்கு நிகழாவிடின் மருந்து வாயிலும் தொண்டையிலும் தங்கிவிடும். தூள் கருவியில் இவ்விடர் இல்லை. ஆயின் தூளை ஈர்ப்பது நோயாளியின் மூச்சே ஆதலின், விரைந்தும் வலிந்தும் இழுத்தல் வேண்டும். மூச்சு முட்டும் வேளையில் அவ்வலிமை ஏது? நுவரெலியாவின் ஈரக் காற்றோ தூளைக் கட்டியாக்க வல்லது.

ஆதலின் சிறுவர்க்கும் தளர்ந்தோர்க்கும் குப்பியுடன் இடைக்கலம் சேர்த்தல் தக்கது. அது கிடையாவிடத்து 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் போத்தலும் சிறுவர்க்கு உதவும் என்பது 1999இல் வெளியான தென்னாபிரிக்க ஆய்வொன்றாற் புலனாயிற்று. எக்கருவியாயினும், கொடுத்தனுப்புவதோடு அமையாது, தோட்ட மருந்தகத்திலேயே நோயாளியை இழுத்துக் காட்டச் செய்து பிழை திருத்துதல் இன்றியமையாதது.