சனிக்கிழமை இனிப்பு

நோர்வேயில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்குச் சனிக்கிழமை என்றால் இரண்டு விஷயங்கள் ஞாபகம் வரும். ஒன்று தமிழ்ப் பள்ளி. மற்றது 'லோர்டாக்ஸ்கொட்', அதாவது சனிக்கிழமை இனிப்பு. வாரம் முழுக்கப் பொறுத்திருப்பார்கள். சனிக்கிழமை கடைக்குப் போய், வரிசையாக இருக்கும் பெட்டிகளில் பிடித்ததை எல்லாம் ஒரு பையில் அள்ளி, நிறுத்து வாங்குவார்கள். பக்கத்து நாடான சுவீடனிலும் இதே பழக்கம் உண்டு.

"ஏன் சனிக்கிழமை மட்டும்? ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சாப்பிட்டால் என்ன? கணக்கு ஒன்றுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான். ஆனால் பல்லுக்குக் கணக்கு வேறு.

நம் வாயில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் வாழ்கின்றன. நாம் சீனி சாப்பிட்டால் அவையும் சாப்பிடும். சாப்பிட்டுவிட்டு அமிலத்தை வெளியே விடும். அந்த அமிலம் பல்லின் மேற்பகுதியைக் கொஞ்சம் கரைக்கும். பிறகு உமிழ்நீர் மெதுவாக அமிலத்தைக் கழுவிப் பல்லைச் சரிசெய்யும். அதற்கு அரை மணி நேரமாவது வேண்டும். அதற்குள் இன்னொரு டொபியை வாயில் போட்டால்? பாவம் உமிழ்நீர், மறுபடியும் முதலில் இருந்து தொடங்க வேண்டும்! பத்து டொபியை ஒரே தடவையில் சாப்பிட்டால் பல்லுக்கு ஒரு தாக்குதல். நாள் முழுக்க ஒவ்வொன்றாகச் சப்பினால் பத்துத் தாக்குதல்.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அந்தக் கதை இனிப்பான கதை அல்ல.

சுவீடனில், லுண்ட் என்ற நகரில், விப்பேஹோல்ம் என்று ஒரு மருத்துவமனை இருந்தது. அறிவு வளர்ச்சி குறைந்தவர்களை அங்கே வைத்துப் பராமரித்தார்கள். 1940களின் பிற்பகுதியில் அவர்களில் சிலருக்குப் பல்லில் ஒட்டிக்கொள்ளும் டொபிகளை நிறையக் கொடுத்து ஆராய்ச்சி செய்தார்கள். சாப்பாட்டோடு சீனி சாப்பிட்டவர்களின் பல் அவ்வளவாகக் கெடவில்லை. இடையிடையே டொபி சாப்பிட்டவர்களின் பற்கள் மோசமாகச் சொத்தையாகின. "உங்களுக்குச் சம்மதமா?" என்று அந்த மனிதர்களிடம் யாரும் கேட்கவில்லை. இன்று அப்படிச் செய்ய விடமாட்டார்கள். அந்த ஆராய்ச்சிக்குப் பிறகுதான், 1950களில், "இனிப்பை வாரத்தில் ஒரு நாள் சாப்பிடுங்கள்" என்று சுவீடன் மக்களுக்குச் சொல்லத் தொடங்கினார்கள்.

சரி, புதன்கிழமையே நாக்குக் கேட்டால் என்ன செய்வது?

இனிப்பில் ஆசை வருவது பிழை இல்லை. நாம் முதலில் குடித்த தாய்ப்பாலே இனிப்புத்தான். ஆனால் பள்ளி விட்டு வந்தவுடன் வருகிற ஆசை பல நேரம் வெறும் பசிதான். "பிள்ளை, பசிக்குதோ, ஆசையோ?" என்று அம்மம்மா கேட்பாரே, அது சரியான கேள்வி. முதலில் ஒரு துண்டுப் பாணோ, வாழைப்பழமோ, மிச்சமிருக்கும் புட்டோ சாப்பிட்டுப் பாருங்கள். மேசையில் கிண்ணம் நிறைய இனிப்பு இருந்தால், போகும்போதும் வரும்போதும் கை தானாகப் போகும். அதை உயரத்தில் வைத்து மூடச் சொல்லுங்கள்.

குடிக்கிற பொருட்களில்தான் சீனி ஒளிந்திருக்கும். 330 மில்லிலீற்றர் கோலாவில் சுமார் 35 கிராம் சீனி இருக்கிறது. அது ஏறக்குறைய 9 தேக்கரண்டி! பெரியவர்களே ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பழச்சாற்றில் இருக்கும் சீனியும் இந்தக் கணக்கில் சேரும். முழுப் பழமாகச் சாப்பிட்டால் சேராது.

யாழ்ப்பாணத்தில் சீனி போடாத தேத்தண்ணியைப் பனங்கட்டி கடித்துக்கொண்டு குடிக்கும் வழக்கம் உண்டு. பனங்கட்டியும் ஒரு வகைச் சீனிதான். ஆனால் எவ்வளவு சாப்பிடுகிறோம் என்று கையிலேயே தெரியும். கோப்பைக்குள் கரைந்த சீனி யாருக்குத் தெரியும்? இரண்டு கரண்டி போடுகிறவர் ஒன்றரை ஆக்கலாம். கொஞ்ச நாளில் நாக்குப் பழகிவிடும். பிறகு ஒன்றாக்கலாம்.

இதில் கஷ்டமான இடம் மாமி வீடுதான். "சாப்பிடுங்கோ ராசா, ஒண்டுதானே!" என்று தட்டை நீட்டுவார். "வேண்டாம்" என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். அப்போது, "நன்றி மாமி, நான் சனிக்கிழமைக்கு எடுத்து வைக்கிறன்" என்று சொல்லிப் பாருங்கள். மாமி சிரித்துவிட்டு இன்னொன்றையும் சேர்த்துத் தருவார். அதையும் பைக்குள் வையுங்கள்.

பொங்கல் செவ்வாய்க்கிழமை வந்தால்? சாப்பாட்டோடு சேர்த்துச் சந்தோஷமாகச் சாப்பிடுங்கள். சர்க்கரைப் பொங்கலைச் சனிக்கிழமை வரை வைத்தால் புளித்துப் போய்விடும்.