சின்னத் தாடைப் பிள்ளைக்கு மயக்க மருந்து

உதடு பிளந்தோ அண்ணம் பிளந்தோ பிள்ளை பிறந்தால், கிரகணத்தன்று தாய் கத்தி பிடித்ததுதான் காரணம் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. கருவின் முதல் மூன்று மாதங்களில் முகத்தின் பாகங்கள் பொருந்தாமல் போவதால் வருவது இது. தாயின் தலையில் பழி போட இதில் ஒன்றுமில்லை. உதட்டைப் பெரும்பாலும் மூன்று மாதமளவிலும் அண்ணத்தை ஒரு வயதளவிலும் தைத்துச் சீராக்குவார்கள்.

தாய்மார் பலர் பயப்படுவது கத்திக்கல்ல, மயக்க மருந்துக்கு. பயம் நியாயமானதே. மயக்கத்தில் நாக்கும் தொண்டைத் தசைகளும் தளர்ந்து மூச்சு வழியை அடைக்கும். நிறைக்கேற்பப் பார்த்தால் கைக்குழந்தை வளர்ந்தவரைப்போல் இரு மடங்கு ஒட்சிசன் செலவழிக்கிறது, சேமிப்போ குறைவு. ஆகவே மூச்சுத் தடைப்பட்டால் விரைவில் நீலம் பாரிக்கும்.

சில பிள்ளைகளுக்குக் கீழ்த்தாடையும் சிறுத்து, நாக்கு பின்னே சரிந்திருக்கும். பிரெஞ்சு வைத்தியர் பியர் றொபின் 1923இல் இதை விவரித்தார். இவர்களுக்குக் குழாய் செலுத்தும்போது குரல்வளை வாசல் கண்ணுக்குத் தெரிவதே கடினம். அதனால் மயக்க மருந்து நிபுணர் பிள்ளையின் சொந்த மூச்சை நிறுத்தாமல், வாயு கொடுத்து மெல்ல மயக்குவார். கமரா பொருத்திய கருவி, தொண்டையில் பொருந்தும் சிறு முகமூடி என மாற்று வழிகளையும் முன்கூட்டியே எடுத்து வைத்திருப்பார்.

இங்கிலாந்தின் நியூகாசிலில் பிலிப் அயர் என்றொரு மயக்க மருந்து வைத்தியர் இருந்தார். அவரே உதடும் அண்ணமும் பிளந்து பிறந்தவர். பெரியவர்களுக்கான கருவியின் வால்வுகளை எதிர்த்து மூச்சுவிட முடியாமல் குழந்தைகள் களைத்துப் போவதைக் கண்டு, வால்வே இல்லாத 'ரி' வடிவக் குழாயை 1937இல் அறிமுகப்படுத்தினார். அதன் திருத்திய வடிவம் இன்றும் பாவனையில் உள்ளது.

தாயிடமும் ஒரு பங்கு இருக்கிறது. பிள்ளை மல்லாந்து படுத்தால் திணறுகிறதா, குறட்டை விடுகிறதா, பால் குடிக்கையில் நீலமாகிறதா என்பதை வைத்தியரிடம் கேளாமலே சொல்லுங்கள். தடிமனோ காய்ச்சலோ இருந்தால் மறைக்க வேண்டாம். திகதி தள்ளிப்போகும், தூரத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர்களுக்கு எரிச்சல்தான், ஆனாலும் பொறுக்கத்தான் வேண்டும். தாய்ப்பாலைப் பொதுவாக 4 மணித்தியாலத்துக்கு முன்பும் மாப்பாலை 6 மணித்தியாலத்துக்கு முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். அழுகிறதே என்று களவாய்க் கொடுத்தால், வயிற்றுப் பால் மேலேறி நுரையீரலுக்குள் போகலாம்.

அண்ணம் தைத்த முதல் இரவு கவனம் தேவை. நாக்கு வீங்கக்கூடும், மூச்சு வழியும் முன்னையைவிட ஒடுங்கியிருக்கும். மூக்குச் சிறகு அடித்தாலோ, மூச்செடுக்கையில் நெஞ்சுக்குழி உள்ளே இழுத்தாலோ நள்ளிரவென்றும் பாராமல் தாதியைக் கூப்பிடுங்கள்.