பரோட்டாக் கடையும் நமது பேரேடும்

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டதா என்று அறிய மொத்த வியாபாரி அருவிக்கரைக்குப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. கல்லாவில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடலாம். வாரம் நான்கு மூட்டை மைதா எடுத்துக்கொண்டிருந்த ஓட்டல்காரர் ஒரு நாள் காலையில் போன் செய்து, "அண்ணாச்சி, பத்து மூட்டை போட்டு விடுங்க, சாயங்காலத்துக்குள்ள வேணும்" என்கிறார் என்றால், ஐந்தருவியில் ஐந்து கிளையிலும் தண்ணீர் விழுகிறது என்று பொருள்.

ஓட்டல் வியாபாரத்தைப் பற்றி நமது வணிகப் பெருமக்கள் பலருக்கும் ஓர் அலட்சியம் உண்டு. வீட்டுக்குச் சாமான் வாங்குகிறவர்தான் நிலையான வாடிக்கை, ஓட்டல்காரர் கடன் சொல்லுகிறவர் என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் வீட்டுச் சாமான் பட்டியலில் பாதி இன்று பெரிய அங்காடிகளுக்கும், கைப்பேசியில் ஆர்டர் எடுப்பவர்களுக்கும் போய்விட்டது. மூட்டைக் கணக்கில் சரக்கு எடுத்துக்கொண்டு, நேரில் வந்து பேசி, நல்லது கெட்டது சொல்லி வாங்குகிற வாடிக்கையாளராக நமது பக்கத்தில் மிச்சமிருப்பவர்களில் முதலிடம் சாப்பாட்டுக் கடைக்காரர்களுக்குத்தான். ஆகவே இந்த இதழில் அவர்களைப் பற்றிக் கொஞ்சம் எழுதலாம் என்று தோன்றியது.

எங்கே தொடங்குவது என்று யோசிக்க வேண்டியதே இல்லை. பிரானூர் பார்டர்.

தென்காசியிலிருந்து செங்கோட்டை போகும் சாலையில், செங்கோட்டைக்குச் சற்று முன்னால் இருக்கிறது இந்த ஊர். வெளியூர்க்காரர்கள் 'பார்டர்' என்றவுடன் கேரள எல்லை அங்கேதான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். இன்றைய எல்லை புளியரையையும் தாண்டி மலைமேல் கோட்டைவாசலில் இருக்கிறது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி செங்கோட்டை நம்மோடு சேரும்வரை அது திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்தது. அந்நாளைய எல்லை பிரானூரில். எல்லை மேற்கே போய்விட்டது, பெயர் மட்டும் இங்கேயே நின்றுவிட்டது. மர அறுவை மில்களும், கேரளத்துக்குப் போய்வரும் லாரிகளும் உள்ள இடம் என்பதால், இரவு எந்நேரமும் பசியோடு இறங்குகிற ஆட்களுக்குப் பஞ்சம் இல்லை. அந்தப் பசியில் வளர்ந்ததுதான் பார்டர் பரோட்டா. ரஹ்மத் கடை என்று தமிழ்நாடெங்கும் பெயர் எடுத்த கடை அங்கேதான் இருக்கிறது. அதைச் சுற்றியும், குற்றாலம் போகிற வழியெங்கும் வேறு கடைகள் முளைத்தன. இப்போது கடலோரத்து ஊர்களில்கூட 'பார்டர் பரோட்டா' என்று போர்டு தொங்குகிறது. எந்த பார்டர் என்று கேட்டால் போர்டு மாட்டியவருக்கே தெரியாது! ஊர்ப் பெயருக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை அல்லவா?

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள், சங்க வேலையாகச் செங்கோட்டை போய்விட்டுத் திரும்பும்போது நாங்கள் நால்வர் அங்குள்ள ஒரு கடையில் சாப்பிட்டோம். இரவு எட்டு மணி இருக்கும். சாலையோரம் முழுவதும் கேரள எண் போட்ட கார்கள். அருவியில் குளித்துவிட்டுத் தலையில் ஈரம் உலராமல், தோளில் துண்டோடு ஒரு குடும்பம். உட்கார்ந்து சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால், அவர் எப்போது எழுந்திருப்பார் என்று பார்த்தபடி இன்னொருவர். கல்யாண வீட்டுக் கடைசிப் பந்தி போல் இருந்தது. இடம் கிடைக்க இருபது நிமிடம் ஆயிற்று. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை என்பதைக் கவனித்தோம். நமது கடையில் ஐந்து நிமிடம் நிற்க வைத்தால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

"வாங்க அண்ணாச்சி, இப்படி வாங்க. ஆளுக்கு நாலு வச்சிரட்டுமா?" என்றார் பரிமாறுகிற தம்பி.

"எனக்கு ரெண்டு போதும் தம்பி, சுகர் இருக்கு" என்றார் நம்மோடு வந்த பெரியவர்.

"அப்ப ரெண்டு முறுகலாப் போட்டுத் தாரேன், பெரியவரே. பிச்சுப் போடணுமா, நீங்களே பிச்சுக்கிடுதீகளா?"

வாழை இலையில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, மேலே சால்னாவை ஊற்றி, கொஞ்சம் ஊறவிட்டுச் சாப்பிடுவதுதான் இங்கத்திய வழக்கம். விருதுநகர்ப் பரோட்டாவைப் போல எண்ணெயில் பொரித்தெடுப்பதில்லை. கல்லில் போட்டு, எடுத்து அடுக்கி, இரண்டு கைகளாலும் பக்கவாட்டில் தட்டுகிறார்கள். அந்தத் தட்டில்தான் அடுக்கு பிரிகிறது. அளவில் சிறியது, மிருதுவானது. கூடவே நாட்டுக்கோழியை மிளகு போட்டு வறுத்தது, காடை வறுவல். செங்கோட்டைப் பக்கத்துச் சமையலில் தேங்காய் எண்ணெய் வாசம் சற்றுத் தூக்கலாக இருக்கும், பழைய மலையாள நாட்டுத் தொடர்பு நாக்கில் மிச்சமிருக்கிறது. பெரியவர் இரண்டோடு நிறுத்தவில்லை என்பதை அவர் வீட்டார் இந்த இதழைப் படிப்பார்கள் என்பதால் எழுதாமல் விடுகிறோம்.

வியாபாரியின் கண் இலையில் நிற்காது. மைதா, எண்ணெய், முட்டை, சீனி, உப்பு, மிளகு, பெருஞ்சீரகம், பட்டை, கிராம்பு, தேங்காய், வெங்காயம் என்று இலையில் இருந்ததெல்லாம் யாரோ ஒரு வியாபாரியின் பேரேட்டில் ஒரு வரி. கோழிக்காரர், இலைக்காரர், காய்கறிக் கமிஷன் கடைக்காரர், விறகுக்காரர் எல்லோரும் அந்த மேஜையில் நம்மோடு உட்கார்ந்திருந்தார்கள் என்றே சொல்லலாம். இலை வியாபாரத்துக்கு ஒரு வார்த்தை: 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை உபயோகிக்கும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தபோது, பிளாஸ்டிக் இலையில் மாறிப்போன கடைகள் பலவும் வாழை இலைக்குத் திரும்பின. நமது சரக்கில் ஒன்று போனது, தோட்டக்காரருக்கு ஒன்று கூடியது.

நமக்குப் பெரிய பாடமாகப் பட்டது பட்டியலின் சுருக்கம்தான். பத்துப் பதினைந்து அயிட்டங்களுக்கு மேல் இல்லை. எல்லாம் அன்றன்றைக்கே தீருகிறது, நாளைக்கு என்று மிச்சம் வைப்பதில்லை. நாமோ ஓடாத சரக்கை அலமாரியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறோம்.

மைதாவில் என்ன இருக்கிறது, எல்லாம் ஒன்றுதானே என்று நினைக்கிற சில்லறை வியாபாரி, ஒரு பரோட்டா மாஸ்டரிடம் பத்து நிமிடம் பேசிப் பார்க்க வேண்டும். பிசைந்து, எண்ணெய் தடவி, ஊறவைத்து, உருண்டை பிடித்து, கல்மேல் அடித்து அடித்துக் காகிதம் போல் விரிக்கும்போது மாவு கிழியக் கூடாது. அதற்குக் கோதுமையின் பசைச் சத்து மாவில் நன்றாக இருக்க வேண்டும். மில் மாறினாலும், மூட்டை பழையதானாலும் முதல் உருண்டையிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். "மாவு இழுபடல அண்ணாச்சி" என்று ஒரு சொல் வந்தால், விலையில் எவ்வளவு குறைத்தாலும் அந்தக் கணக்கு நம்மைவிட்டுப் போயிற்று. ஓட்டலில் முதலாளியைவிட மாஸ்டர்தான் நமக்கு வாடிக்கையாளர் என்று சொன்னால் மிகையாகாது.

விலை விஷயம் வேறு விதம். 2022-ஆம் ஆண்டு நமக்கெல்லாம் நினைவிருக்கும். பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கிச் சூரியகாந்தி எண்ணெய் வரத்து நின்றது. ஏப்ரல் 28 முதல் மே 23 வரை இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைத் தடை செய்தது. மே 13 அன்று நமது மத்திய அரசு கோதுமை ஏற்றுமதியை நிறுத்தியது. உலகத்தின் மூலைகளில் எடுத்த முடிவுகள் எல்லாம் பிரானூர்க் கல்லின்மேல் வந்து விழுந்தன. பரோட்டாக் கடைக்காரரால் விலையைச் சட்டென்று ஏற்ற முடியாது, ஆள் போய்விடும். உருண்டையைக் கொஞ்சம் சிறிதாகப் பிடிப்பார், அல்லது லாபத்தில் பொறுப்பார், அல்லது நமக்குத் தரவேண்டியதை ஒரு வாரம் தள்ளிப்போடுவார். மூன்றாவதுதான் அதிகம் நடந்தது!

ஆக, பாக்கி. இதைப் பற்றித்தான் முக்கியமாக எழுத நினைத்தோம்.

2020, 2021 இரண்டு ஆண்டுகளிலும் கொரோனாவால் சீசனே இல்லாமல் போயிற்று. அருவிகளில் குளிக்கத் தடை. ஆனியும் ஆடியும் வந்து போயின, தண்ணீர் விழுந்தது, பார்க்க ஆள் இல்லை. சீசனில் தருவதாகச் சொல்லிச் சரக்கு எடுத்திருந்த ஓட்டல்காரர்களின் பாக்கி அப்படியே நின்றது. நம்மிடம் பல வருடமாக வாங்கிவந்த ஒருவர், நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிவிட்டு வந்து, "அண்ணாச்சி, பார்சல் மட்டும் போடலாம்னு சொல்லுதாங்க. ஒரு மூட்டை மாவு கிடைச்சா அடுப்பைப் பத்தவச்சிருவேன்" என்றார். கையில் ஒரு மூட்டைக்கான பணம் மட்டும் இருந்தது. அதைப் பழைய பாக்கியில் வரவு வைத்துக்கொண்டு கணக்கை முடிக்க வேண்டும் என்றார்கள் நமது கடைப் பிள்ளைகள். சட்டப்படி அதில் தவறும் இல்லை.

நாம் செய்தது இதுதான். பழைய பாக்கியைத் தனிப் பக்கத்தில் எழுதி, கீழே கோடு போட்டு, அவரிடம் ஒரு கையெழுத்து வாங்கி நிறுத்தினோம். புதிய பக்கத்தில் ரொக்கத்துக்கு மட்டும் சரக்கு. ஒரு மூட்டைக்குப் பணம் தந்தால் ஒரு மூட்டை. பழைய பக்கத்துக்கு முடிந்தபோது முடிந்ததைத் தரட்டும், வட்டி இல்லை. 2022 சீசன் நல்லபடியாக வந்தது. அந்த ஆடி முடிவதற்குள் பழைய பக்கம் தீர்ந்தது. இன்றுவரை அவர் வேறு கடையில் மாவு வாங்கியதில்லை. எல்லாக் கணக்கும் இப்படி முடிந்ததா என்றால், இல்லை. இரண்டு பக்கங்கள் இன்னும் திறந்தே கிடக்கின்றன. ஒருவர் ஊரையே விட்டுப் போய்விட்டார். ஆனாலும் கையில் இருந்த பணத்தைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பியிருந்தால் பாக்கி வந்திருக்காது, ஆளும் போயிருப்பார் என்பது நமது கணக்கு.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சீசன் நன்றாக நடக்கும்போது, சில ஓட்டல்காரர்கள் வெளியூரிலிருந்து வேனில் கொண்டுவந்து மூட்டைக்குப் பத்து, இருபது குறைத்துத் தருகிறவரிடம் ரொக்கத்துக்கு வாங்கிக்கொண்டு, மழை நின்ற பிறகு கடனுக்கு நம்மிடம் வருகிறார்கள். இந்த வழக்கத்தை ஊக்குவிக்கக் கூடாது. ஆடியில் வாங்காதவருக்கு ஐப்பசியில் கடன் இல்லை என்று நமது பகுதி மொத்த வியாபாரிகள் ஒன்றாகச் சொன்னால் போதும். ஒருவர் மறுத்து மற்றவர் கொடுத்தால் பயன் இல்லை.

இங்கே சீசன் என்பது நாள் கணக்குக்கூட இல்லை, மணிக் கணக்கு. அருவியில் வெள்ளம் கூடினால் குளிக்கத் தடை வரும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவன் உயிரிழந்தது எல்லோரும் அறிந்த துயரம். தடை போடுவது அவசியமே, அதில் இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் காலையில் தடை வந்தால், அன்று மாலைக்குப் பிசைந்து வைத்த மாவு என்ன ஆகும் என்பதையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும். அன்று வசூலுக்குப் போகிற பையனை மறுநாள் அனுப்பினால் குடி முழுகிவிடாது. கார்த்திகை, மார்கழியில் நிலைமை தலைகீழ். சபரிமலை போகிற பக்தர்கள் குற்றாலத்தில் குளித்து, செங்கோட்டை வழியாக மலையேறும் காலம். கூட்டம் இருக்கும், ஆனால் கோழி வறுவல் கல் ஓய்ந்திருக்கும். சைவ ஓட்டல்களுக்கு இட்லி அரிசி, உளுந்து, துவரம் பருப்பு கேட்கும். மைதாவை அப்போது குறைத்து வாங்குவதே உத்தமம்.

வரி பற்றி இரண்டு வரி. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையுள்ள முத்திரையிட்ட மாவுப் பைக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, அதற்கு மேற்பட்ட மூட்டைக்கு இல்லை. ஓட்டலுக்குப் பெரிய மூட்டையாகவே போடுங்கள். ஓட்டலில் உட்கார்ந்து தின்னும் பரோட்டாவுக்கு 5 சதவீதம். பாக்கெட்டில் வரும் பரோட்டாவுக்கு 18 சதவீதம் என்று 2020-ல் கர்நாடகத்தில் தீர்ப்புச் சொல்லி, ரொட்டி வேறு பரோட்டா வேறா என்று நாடே சிரித்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அந்தப் பாக்கெட்டுக்கு வரியே இல்லை. குளிர்ப்பெட்டி வைத்திருக்கும் சில்லறைக் கடைக்காரர்களுக்கு இது ஒரு புது வியாபாரம். ஆனால் கல்லில் தட்டுகிற சத்தம் பாக்கெட்டில் வராது என்று பரோட்டா மாஸ்டர்கள் தைரியமாகவே இருக்கிறார்கள்.

வைகாசி பிறந்தால் ஓட்டல்காரர்கள் சரக்குக்குச் சொல்லிவைக்கத் தொடங்குவார்கள். சாரல் காலத்தில் நமது பக்கத்துக் கிட்டங்கிகளில் ஈரம் ஏறும், மைதாவில் கட்டி விழும், வண்டு வைக்கும். மூட்டைகளை மரப்பலகைமேல், சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். முதலில் வந்ததை முதலில் அனுப்புங்கள். பத்து மூட்டை கேட்டு போன் வருகிற அன்று மாஸ்டர் பிரிக்கிற முதல் மூட்டை புதியதாக இருக்கட்டும்.