முகமூடிக்குள் இருப்பவர் என்ன நிறம்?

சாரல் காலத்தில் குற்றாலத்தில் குளித்துவிட்டுக் கிளம்பும் வண்டிகளில் பல, தென்காசியைக் கடந்து சுந்தரபாண்டியபுரத்துக்கு வருகின்றன. சூரியகாந்தித் தோட்டத்தில் படம் எடுத்து முடித்ததும் வந்தவர்கள் கேட்டு விசாரிப்பது ஒரு பாறையை. 'அந்நியன் பாறை' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. 2005இல் ஷங்கர் இயக்கத்தில் வந்த 'அந்நியன்' படத்தின் ஒரு பாட்டுக்காக எம்.ஜி.ஆர்., ரஜினி, கமல் என்று நாயகர்களின் முகங்களை அங்கே தீட்டினார்கள். 1992இல் 'ரோஜா' இந்த ஊரின் அழகை நாட்டுக்குக் காட்டியது. 'அந்நியன்' இந்த ஊர்ப் பாறையிலேயே நாயகர்களை எழுதிவிட்டுப் போனது.

'அந்நியன்' கதையின் எலும்புக்கூடு காமிக்ஸ் புத்தகத்துடையது. பகலில் சாதுவான ஒருவன், இரவில் தண்டனை கொடுக்கும் இன்னொருவன். ஒரே உடம்பில் இரண்டு வாழ்க்கை. சூப்பர்மேனும் பேட்மேனும் இதே வார்ப்புதான். அந்த வார்ப்போடு சேர்ந்து வந்த ஒரு கேள்வியை நாம் அதிகம் பேசியதில்லை. ஊரைக் காக்கும் அந்த வீரன் என்ன நிறத்தில் இருக்கிறான்? அவனுக்கு எதிரில் நிற்கும் வில்லன் என்ன நிறம்?

சிவகாசி கொடுத்த வீரர்கள்

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த வீரர்களை அறிமுகப்படுத்தியது திரையரங்கம் அல்ல, நமக்குப் பக்கத்திலிருக்கும் சிவகாசி. 1972இல் அங்கே தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் புத்தகம் 'இரும்புக்கை மாயாவி'. பிரிட்டிஷ் வார இதழில் வந்த கதையின் தமிழாக்கம் அது. 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது. அதே ஆண்டு தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் வந்தது. பேருந்து நிலையக் கடைகளில் தொங்கிய அந்தப் புத்தகங்களுக்காகக் காசு சேர்த்த தலைமுறை இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டது.

இரும்புக்கை மாயாவியின் உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் தெரியும். மறைந்த உடலுக்கு நிறம் கிடையாது. அந்தக் கைக்குப் பின்னால் தென்காசிப் பையனும் தன்னை நிறுத்திக்கொள்ள முடிந்தது. அவன் நம் பிள்ளைகளை அவ்வளவு ஈர்த்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

ஆனால் இன்னொரு மாயாவியும் இருந்தார். ராணி காமிக்ஸ் 'முகமூடி வீரர் மாயாவி' என்றும், மற்றவர்கள் வேதாளர் என்றும் அழைத்த ஃபேண்டம். லீ ஃபாக் என்ற அமெரிக்கர் 1936இல் படைத்தவர். மண்டையோட்டு மோதிரம், வெள்ளைக் குதிரை, ஓநாய், அடர்ந்த காடு. நாம் உயிராக நேசித்த கதை இது. நேசித்த கதையில்தான் சிக்கலும் இருக்கிறது.

சிக்கல் எங்கே?

கதைப்படி 1536இல் கடற்கொள்ளையர் தாக்கிய கப்பலிலிருந்து தப்பிய ஒரு வெள்ளைக்காரர் கரை ஒதுங்குகிறார். காட்டுவாசிகளான பாண்டார் குள்ளர்கள் அவரைக் காப்பாற்றுகிறார்கள். அவருடைய வாரிசுகள் தலைமுறை தலைமுறையாக ஒரே முகமூடியை அணிந்து அந்தக் காட்டுக்கு நீதி வழங்குகிறார்கள். நானூறு ஆண்டுகளாக ஒரே மனிதர் சாகாமல் வாழ்கிறார் என்று காட்டு மக்கள் நம்புகிறார்கள். நிலம் கறுப்பு மக்களுடையது. நீதியும் அறிவும் வீரமும் மட்டும் வெளியிலிருந்து வந்த ஒரு வெள்ளைக் குடும்பத்தின் பரம்பரைச் சொத்து. காலனி ஆட்சி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதையும் இதுதான்.

அந்தக் கொள்ளையர் கூட்டத்தின் பெயர் 'சிங்'. அதாவது வில்லன்கள் நம் பக்கத்து ஆட்கள். 1964இல் டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் அந்தப் பெயரை 'சிங்கா' என்று மாற்றியது. வங்காளத்தை நினைவூட்டிய 'பெங்காலி' என்ற நாட்டின் பெயரை 'டெங்காலி' ஆக்கியது. 1996இல் ஹாலிவுட் இதைப் படமாக எடுத்தபோது கொள்ளையர் பெயரைச் சற்றே திருகி 'செங்' என்று வைத்தது. பெயர்தான் மாறியது, யார் காப்பாற்றுபவர், யார் காப்பாற்றப்படுபவர் என்ற ஏற்பாடு மாறவில்லை.

அதே லீ ஃபாக் 1934இல் படைத்த மந்திரவாதி மாண்ட்ரேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய தோழர் லொதார் ஏழு நாடுகளின் ஆப்பிரிக்க இளவரசர். ஆரம்பக் கதைகளில் அந்த இளவரசருக்குக் கிடைத்தது சிறுத்தைத் தோலும் தலையில் ஒரு குல்லாவும் உடைந்த ஆங்கிலமும் வேலைக்காரன் இடமும். 1965இல் ஃப்ரெட் ஃப்ரெடரிக்ஸ் தூரிகையைக் கையில் எடுத்த பிறகுதான் லொதார் ஒழுங்கான உடை அணிந்து ஒழுங்காகப் பேசினார். அமெரிக்கத் தெருக்களில் கறுப்பின மக்கள் வாக்குரிமைக்காக நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. தெரு மாறியபோது படக்கதையும் மாறியது.

மறு ஆண்டே, 1966இல், ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 'பிளாக் பேந்தர்' என்ற ஆப்பிரிக்க அரசனைப் படைத்தார்கள். காட்டுக்கு வெளியிலிருந்து காவலன் தேவையில்லை. காட்டின் அரசனே காவலன், உலகத்தில் யாரிடமும் இல்லாத தொழில்நுட்பம் அவன் நாட்டில். வேதாளரின் கதையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டது போல இருக்கிறது.

திரைக்கு வரும்போது

தாளில் இருக்கும் வீரனுக்குத் திரை ஒரு நடிகரின் உடம்பைக் கொடுக்கிறது. நிறத்தை மழுப்ப முடியாத இடம் இது. ஹாலிவுட் இங்கே மூன்று வழிகளில் போயிருக்கிறது.

முதலாவது, அழிப்பது. 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்' காமிக்ஸில் குருவாக வருபவர் திபெத்திய முதியவர். 2016இல் வந்த படத்தில் அந்த வேடம் டில்டா ஸ்விண்டன் என்ற பிரிட்டிஷ் நடிகைக்குப் போனது. ஆசிய முகம் ஒன்று கதையிலிருந்தே காணாமல் போனது, கண்டனமும் எழுந்தது.

இரண்டாவது, திருத்துவது. பிளாக் பேந்தரின் எதிரிகளில் ஒருவனான எம்பாக்குவுக்குக் காமிக்ஸில் 'மனிதக் குரங்கு' என்று பொருள்படும் பட்டப்பெயர் இருந்தது. கறுப்பினத்தவரைக் குரங்கென்று இழிவுபடுத்திய நீண்ட வரலாறு அதற்குப் பின்னால் இருக்கிறது. 2018இல் 'பிளாக் பேந்தர்' படத்தை எடுத்த ரையன் கூக்லர் அந்தப் பெயரையே விட்டுவிட்டு, எம்பாக்குவை மானமுள்ள ஒரு மலைநாட்டுத் தலைவனாக்கினார். அந்தப் படம் மூன்று ஆஸ்கர் விருதுகளை வென்றது. சிறந்த படத்துக்கான பரிந்துரையைப் பெற்ற முதல் சூப்பர் ஹீரோ படமும் அதுவே.

மூன்றாவது, முகமூடியைக் கைமாற்றுவது. தலைமுதல் கால்வரை மூடிய ஸ்பைடர்மேன் உடைக்குள் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். 2011இல் காமிக்ஸில் அந்த உடையை மைல்ஸ் மொராலஸ் என்ற கறுப்பினச் சிறுவன் அணிந்தான். 2018இல் அவனை நாயகனாக வைத்து வந்த அனிமேஷன் படமும் ஆஸ்கர் வென்றது.

நம் திரையில்

இதை எல்லாம் அமெரிக்கச் சங்கதி என்று தள்ளிவிட முடியாது. 2007இல், 'அந்நியன்' எடுத்த அதே ஷங்கர் 'சிவாஜி' எடுத்தார். கறுத்த நாயகன் காதலிக்காக வெளுக்கப் பாடுபடுவது அதில் நகைச்சுவை. ஒரு பாட்டில் ரஜினியின் தோலையே கணினி வெள்ளையாக்கியது. அதைவிட வலிப்பது இன்னொன்று. பாரி மகளிரான அங்கவை, சங்கவையின் பெயர்களை இரண்டு பெண்களுக்கு வைத்து, முகத்தில் கருமை பூசி, அவர்களைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னது அந்தப் படம். கறுப்பு நாயகனைத் தலையில் வைத்துக் கொண்டாடிய தமிழ்நாட்டில், கறுப்புப் பெண் கேலிப்பொருளானாள். திரையரங்கில் நாமும் சிரித்தோம். அது தவறு.

நல்ல மாற்றங்களும் வந்திருக்கின்றன. ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்குள் போனால் 'மின்னல் முரளி' இருக்கிறது. 2021 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்த அந்தப் படத்தில் ஒரே இரவில் இருவரை மின்னல் தாக்குகிறது. ஒருவன் தையற்கடைக்காரர் வளர்த்த பையன். இன்னொருவன், ஊர் பைத்தியம் என்று ஒதுக்கிய தேநீர்க்கடைத் தொழிலாளி ஷிபு. நம் குரு சோமசுந்தரம் நடித்த வேடம். வில்லன் பிறவியிலேயே தீயவன் இல்லை, ஊர் ஒதுக்கி ஒதுக்கி உருவாக்கியவன் என்று அந்தப் படம் சொன்னது. பழைய காமிக்ஸ் ஒருபோதும் கேட்காத கேள்வி அது.

2023இல் மடோன் அஸ்வின் இயக்கிய 'மாவீரன்' இன்னும் ஒரு படி போனது. சிவகார்த்திகேயன் அதில் படக்கதை வரைபவர். குடிசையிலிருந்து அப்புறப்படுத்தி, தொட்டால் உதிரும் அடுக்குமாடியில் தள்ளப்பட்ட மக்களில் ஒருவர். காக்கும் வீரன் வெளியிலிருந்து வரவில்லை. பயந்த சுபாவமுள்ள அந்தக் குடியிருப்பு இளைஞன்தான், தான் வரைந்த வீரனாகவே ஆகவேண்டி வருகிறது. அமெரிக்காவில் இனமும் நிறமும் செய்யும் வேலையை இங்கே சாதியும் குடியிருக்கும் இடமும் நிறமும் சேர்ந்து செய்கின்றன. அதைப் பேசும் சூப்பர் ஹீரோ படம்தான் நமக்குத் தேவை.

யார் வரைகிறார்கள்?

மேலே சொன்ன மாற்றங்கள் தாமாக வரவில்லை. வேறொருவர் கைக்குத் தூரிகை போனபோது லொதார் நிமிர்ந்தார். கறுப்பின இயக்குநர் ஒருவர் கேமராவுக்குப் பின்னால் நின்றபோது எம்பாக்கு மனிதரானார். கதை யாரைப் பற்றியதோ அவர்களும் வரைபவர்களாக இருந்தால் நிறம் நேர்மையாக வருகிறது. இந்த வரலாற்றில் நான் காண்பது இதுதான்.

பழைய மாயாவி புத்தகங்களைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்து படியுங்கள். காட்டு மக்களில் ஒருவர் ஏன் வீரராகவில்லை என்று அவர்களிடமே கேளுங்கள். பிறகு தாளையும் வண்ணப் பெட்டியையும் கொடுங்கள். தோல் நிறம் என்று சொல்லி இளஞ்சிவப்பு வண்ணக்குச்சியை மட்டும் நீட்டாதீர்கள். வெயிலில் நின்று சூரியகாந்தி வளர்க்கும் கைகளின் நிறமும் அந்தப் பெட்டியில் இருக்கட்டும்.