ஒரே சாலை, மூன்று வாகனங்கள்

சில மாதங்களுக்கு முன், ஒரு மாலையில், எங்கள் விபத்துச் சிகிச்சைப் பிரிவிற்கு இருவர் ஒரே 108 ஊர்தியில் வந்து சேர்ந்தனர். ஒருவர் அறுபது வயதைக் கடந்த உழவர். வயலிலிருந்து புல்லுக்கட்டை மிதிவண்டியின் பின்னே கட்டிக்கொண்டு வீடு திரும்பியவர். அவருடைய இடது கீழ்க்கால் எலும்பு முறிந்திருந்தது. மற்றவர் இருபத்திரண்டு வயது இளைஞர். மோட்டார் சைக்கிளில் வந்து அந்த மிதிவண்டியின் பின்புறம் மோதியவர். பெரியவரைத் தூக்கி ஓரத்தில் கிடத்தியவரும், 108-ஐ அழைத்தவரும் அவரே. தம்மைப் பற்றிக் கேட்டபோது, "எனக்கு ஒன்றும் இல்லை டாக்டர், முதலில் தாத்தாவைப் பாருங்கள்" என்றார்.

அரைமணி நேரத்தில் அந்த இளைஞர் தாழ்வாரத்தில் வாந்தி எடுத்தார். பின்னர்ப் பேச்சுக் குழறி, உறக்கத்தில் ஆழ்பவர்போல் சாய்ந்தார். சி.டி. ஸ்கேன் படத்தில் மண்டையோட்டிற்கும் மூளையுறைக்கும் இடையே இரத்தம் தேங்கியிருந்தது தெரிந்தது. அன்றிரவே அறுவை சிகிச்சை நடந்தது. அவருடைய தலைக்கவசம் விபத்தின்போது மோட்டார் சைக்கிளின் கண்ணாடிக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்ததாக அவருடைய தந்தை பின்னர் எங்களிடம் கூறினார்.

கால் முறிவுடன் படுத்திருந்த பெரியவர், ஒவ்வொரு முறை நாங்கள் பார்க்கச் சென்றபோதும் தம் வலியைப் பற்றிக் கேட்கவில்லை. "ஐயா, அந்தப் பிள்ளை கண்ணத் தொறந்துச்சுங்களா?" என்பதே அவருடைய கேள்வியாக இருந்தது.

யார்மீது தவறு என்று உறவினர்கள் இருதரப்பிலும் வாதிட்டனர். நாங்கள் கேட்டறிந்த வரையில் நடந்தது இதுதான்: பொழுது சாய்ந்திருந்தது. மிதிவண்டியில் விளக்கும் இல்லை, பின்புறச் சிவப்பு ஒளித்திரும்பியும் புல்லுக்கட்டால் மறைந்திருந்தது. இளைஞர் வேகமாக வந்தார். எதிரே வந்த கார் ஒன்று முகப்பு விளக்கைத் தாழ்த்தவில்லை. அந்த ஒளியில் இளைஞரின் கண் ஓரிரு நொடி கூசியது. கார் ஓட்டியவர் நின்றதாகத் தெரியவில்லை. தமக்குப் பின்னால் என்ன நேர்ந்தது என்பதையே அவர் அறியாமல் போயிருக்கலாம். மூவரில் எவரும் கொடியவர் அல்லர். எனினும் மூவரில் ஒருவர் ஒன்றைச் சரியாகச் செய்திருந்தாலும், அந்த இருவரும் அன்று தத்தம் வீட்டில் உணவருந்தியிருப்பர்.

நம் சாலையின் இயல்பு

செஞ்சிக்கும் திண்டிவனத்திற்கும் இடைப்பட்ட மேல்சித்தாமூர்ப் பகுதியில் வாழ்வோருக்குச் சாலையின் தன்மையை நாங்கள் விளக்க வேண்டியதில்லை. திண்டிவனத்திலிருந்து செஞ்சி, திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரிக்குச் செல்லும் 77-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், பௌர்ணமிதோறும் கிரிவலத்திற்குச் செல்வோரின் கார்களும் பேருந்துகளும் இரவு முழுவதும் ஓடுகின்றன. அமாவாசைதோறும் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலின் ஊஞ்சல் உற்சவத்திற்குச் செல்வோர் செஞ்சிப் பகுதியை நிறைக்கின்றனர். அறுவடைக் காலத்தில் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தை நோக்கி நெல் மூட்டைகள் ஏற்றிய வண்டிகள் வரிசையாகச் செல்கின்றன. மேல்சித்தாமூர் ஜினகாஞ்சி மடத்தின் பார்சுவநாதர் கோயில் தேர்த்திருவிழாவின்போது வெளியூர் வாகனங்கள் நம் ஊர்த் தெருக்களுக்கே வந்துவிடுகின்றன.

இவற்றுக்கு நடுவேதான் பள்ளிப் பிள்ளைகள் அரசு வழங்கிய மிதிவண்டிகளில் செல்கின்றனர், பால்காரர் செல்கிறார், ஆட்டு மந்தை கடக்கிறது. ஊர் வழியை அறிந்தவர்களும் அறியாதவர்களும் ஒரே சாலையில் ஒரே நேரத்தில் செல்கின்றனர் என்பதே நம் பகுதியின் முதன்மையான இடர்.

ஒன்றிய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள்; 19.5 விழுக்காட்டினர் நடந்து சென்றவர்கள். அவ்வாண்டில் நாட்டிலேயே மிக அதிகமான விபத்துகள், 64,105, பதிவானது தமிழ்நாட்டில்தான். நம் மாநிலத்தில் இறந்தோர் 17,884 பேர். தலைக்கவசம் அணியாததால் நாடெங்கும் இறந்தவர்களாகக் கணக்கிடப்பட்டோர் 50,029 பேர்.

வேகம் உடலுக்குச் செய்வது என்ன?

ஓட்டுநர் ஓர் இடையூற்றைக் கண்டு, பிரேக்கை அழுத்துவதற்கு ஏறக்குறைய ஒரு நொடி ஆகிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு நொடியில் வாகனம் 11 மீட்டர் கடக்கிறது. 60-இல் ஏறத்தாழ 17 மீட்டர். 80-இல் 22 மீட்டர். வாகனம் முழுமையாக நிற்பதற்கு, நல்ல உலர்ந்த சாலையில், 40 கிலோமீட்டர் வேகத்தில் மொத்தம் சுமார் 20 மீட்டரும், 80 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 58 மீட்டரும் தேவைப்படும். வேகம் இரட்டிப்பானால், நிற்கும் தொலைவு ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. மழை நாளில் இது இன்னும் நீளும். சாலையில் காயப்போட்ட நெல்லின் மீதோ, வைக்கோலின் மீதோ பிரேக் போட்டால் சக்கரம் வழுக்கவே செய்யும்.

மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. 40-இல் மோதுவதைவிட 80-இல் மோதும்போது உடல் தாங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. காருக்குள் இருப்பவருக்கு இரும்புக் கூண்டும் இருக்கைப் பட்டையும் அந்த ஆற்றலில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்கின்றன. மிதிவண்டியில் இருப்பவருக்கு அவருடைய எலும்பும் தோலும் மட்டுமே உள்ளன. எனவேதான், சாலையில் பெரிய வாகனத்தை ஓட்டுபவருக்குப் பொறுப்பும் பெரிது என்கிறோம்.

கார் ஓட்டுவோருக்கு

எதிரே எந்த வாகனம் வந்தாலும், அது மிதிவண்டியே ஆனாலும், முகப்பு விளக்கைத் தாழ்த்துங்கள். மிதிவண்டியை முந்தும்போது ஒன்றரை மீட்டர் இடைவெளி விடுங்கள். அது ஏறத்தாழ மூன்று முழம். அத்தனை இடம் இல்லையெனில், இடம் கிடைக்கும்வரை பின்னாலேயே செல்லுங்கள். மிதிவண்டிக்காரர் பள்ளத்தையோ, கல்லையோ, காயும் உளுந்தையோ தவிர்க்கத் திடீரென வலப்புறம் விலகக்கூடும் என்று எதிர்பாருங்கள். மிக அருகில் சென்று ஒலிப்பானை அலறவிட்டால் அவர் அதிர்ந்து, உங்கள் பக்கமே சாயக்கூடும். சற்றுத் தொலைவிலேயே மெல்ல ஒலித்துவிடுங்கள்.

கடைத்தெருவில் காரை நிறுத்தியபின், வலப்புறக் கதவை இடக்கையால் திறக்கும் பழக்கத்தை மேற்கொள்ளுங்கள். அவ்வாறு திறக்கும்போது உடல் தானாகவே திரும்பி, கண் பின்னால் வருபவரை நோக்கும். செலவில்லாத இந்தப் பழக்கம் பல நாடுகளில் ஓட்டுநர் பயிற்சியில் கற்பிக்கப்படுகிறது.

மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருக்கு

தலைக்கவசம் அணிவதால் இறப்பின் வாய்ப்பு சுமார் 42 விழுக்காடும், தலைக்காயத்தின் வாய்ப்பு சுமார் 69 விழுக்காடும் குறைவதாக, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மருத்துவ வல்லுநர்கள் கண்டறிந்துள்ளனர். ஆனால் தாடைப் பட்டையைப் பூட்டாத தலைக்கவசம் முதல் அதிர்விலேயே கழன்று தனியே உருண்டோடும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா, தலையை அசைத்தால் கவசம் தனியே ஆடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு முறை பலமாக அடிபட்ட கவசத்தை மீண்டும் பயன்படுத்தாதீர்கள். வெளியே கீறல் மட்டும் தெரிந்தாலும் உள்ளடுக்கு நசுங்கியிருக்கும். பின்னால் அமர்பவருக்கும் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம். நான்கு வயதைக் கடந்த குழந்தைக்கும் அவ்வாறே.

எதிரொளியில் கண் கூசினால், வேகத்தைக் குறைத்துச் சாலையின் இடது ஓரக் கோட்டை நோக்குங்கள். பார்வை தெளியும்வரை அதே வேகத்தில் செல்லாதீர்கள். பின்னால் அமரும் பெண்கள் புடவை முந்தானையையும் துப்பட்டாவையும் இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். சக்கரத்தில் துணி சிக்கி விழுந்து வரும் தாய்மார்களை நாங்கள் அடிக்கடி காண்கிறோம்.

மிதிவண்டி ஓட்டுவோருக்கு

இருட்டில் நீங்கள் வாகனத்தைக் காண்பது எளிது. வாகன ஓட்டி உங்களைக் காண்பதுதான் அரிது. பின்புறத்தில் சிவப்பு ஒளித்திரும்பியோ, ஒளிரும் பட்டையோ ஒட்டுங்கள். சுமை ஏற்றினால், சுமையின் வெளிப்புறத்திலும் ஒன்றைக் கட்டுங்கள். மாலையில் வெளிர்நிற ஆடை நல்லது. திரும்புவதற்கு முன் பின்னால் நோக்கி, கை காட்டி, வாகனங்கள் வேகம் குறைத்ததை உறுதி செய்த பின்னரே திரும்புங்கள். பிள்ளைகள் இருவர் மூவராய் இணைந்து பேசிக்கொண்டே ஓட்டுவதைப் பெற்றோர் கண்டிக்க வேண்டும்.

நோயாளிகளுக்கும் உடனிருப்போருக்கும்

இவ்விதழைப் படிக்கும் உங்களிடம் தனியே சொல்ல வேண்டியவை சில உண்டு.

நோயாளியை நடுவில் அமர்த்தி, முன்னும் பின்னும் ஒருவராக மூவர் மோட்டார் சைக்கிளில் வருவதை நாங்கள் வாயிலில் காண்கிறோம். மயக்கமுற்றவர் எப்பக்கமும் சாயக்கூடும். 108-ஐ அழையுங்கள், 2008-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் கட்டணமின்றி இயங்கும் சேவை அது.

முழு மயக்க மருந்து பெற்றவர் குறைந்தது 24 மணி நேரம் எந்த வாகனமும் ஓட்டலாகாது. சளிக்கும் ஒவ்வாமைக்கும் தரப்படும் சில மாத்திரைகள், வலிமையான வலிநிவாரணிகள், வலிப்பு நோய் மருந்துகள், தூக்க மாத்திரைகள் ஆகியன கவனத்தை மந்தமாக்கும். மருந்துச் சீட்டைக் காட்டி, "இதை உட்கொண்டு வண்டி ஓட்டலாமா?" என்று மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேளுங்கள். இன்சுலின் போட்டுக்கொள்பவர் உண்ணாமல் புறப்பட வேண்டாம். வழியில் வியர்வையும் நடுக்கமும் தோன்றினால் உடனே ஓரமாக நிறுத்திச் சர்க்கரை உட்கொள்ளுங்கள். கை, கால் கட்டு இருக்கும்வரை, உங்கள் மருத்துவர் இசைவு தரும்வரை, வண்டியைத் தொடாதீர்கள். வலிப்பு வந்தவர்கள் இது குறித்து மருத்துவரிடம் கட்டாயம் பேச வேண்டும்.

உடனிருப்போரே, இரண்டு இரவு கண் விழித்தபின் "ஓர் எட்டு வீட்டுக்குப் போய் மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று விடியற்காலையில் புறப்படாதீர்கள். உறக்கமின்மை மதுவைப் போன்றே மூளையை மழுங்கச் செய்கிறது. ஒரு மணி நேரம் படுத்தெழுங்கள். இயன்றால் பேருந்தில் செல்லுங்கள். உங்கள் நோயாளிக்கு நீங்கள் நலமாகத் திரும்பி வருவதும் மருந்துதான்.

விபத்தைக் கண்டால்

காவல் நிலையம், நீதிமன்றம் என்று அலைய நேருமோ என அஞ்சி விலகிச் செல்வோர் இன்றும் உள்ளனர். அந்த அச்சம் வேண்டாம். உச்ச நீதிமன்றம் 2016-இல் உதவுவோருக்கான பாதுகாப்பு நெறிகளை ஏற்று ஆணையிட்டது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-அ பிரிவும் அவர்களைக் காக்கிறது. பெயரைச் சொல்லும்படி உங்களை எவரும் வற்புறுத்த இயலாது.

அடிபட்டவரின் கழுத்தை வளைக்காதீர்கள். மயங்கியவரின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். இரத்தம் பெருகும் இடத்தில் தூய துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடியுங்கள். மூச்சுக்குத் தடையில்லாதவரின் தலைக்கவசத்தை இழுத்துக் கழற்ற வேண்டாம்.

தமிழ்நாடு அரசு 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்கீழ், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றி வழங்கப்படுகிறது. பணமில்லையே என்று காலம் தாழ்த்த வேண்டியதில்லை.

தலையில் அடிபட்டவர் எழுந்து நடந்தாலும், தெளிவாகப் பேசினாலும், ஒரு நாள் முழுவதும் அவரைத் தனியே விடாதீர்கள். மீண்டும் மீண்டும் வாந்தி, கடுந்தலைவலி, வழக்கத்திற்கு மாறான உறக்கம், பேச்சுக் குழறல், கை கால் வலுவிழப்பு, வலிப்பு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். மேற்சொன்ன இளைஞர் "ஒன்றும் இல்லை" என்று வீட்டிற்குச் சென்று படுத்திருந்தால், காலையில் எழுந்திருக்கமாட்டார்.

ஊர்ந்து செல்லும் சிற்றுயிருக்கும் ஊறு நேரலாகாது என்று முன்னே தரையை நோக்கி அடியெடுத்து வைக்கும் சமண முனிவர்களை மேல்சித்தாமூர் நெடுங்காலமாகக் கண்டிருக்கிறது. அத்தனை நுண்மையான கவனத்தை எல்லாரிடமும் எதிர்பார்க்க இயலாது. முன்னே செல்லும் மனிதரைக் காணும் அளவிலேனும் வேகத்தைக் குறைப்பது நம் அனைவருக்கும் இயலும்.

இளைஞர் நான்காம் நாள் கண் திறந்தார். செய்தியைச் சொன்னபோது பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். மறுபரிசோதனைக்கு வந்த நாளில் இளைஞர் தந்தையின் பின்னால் அமர்ந்து வந்தார். இருவர் தலையிலும் கவசம் இருந்தது; இருவருடைய தாடைப் பட்டையும் பூட்டியிருந்தது. பெரியவரின் மகன் மிதிவண்டிக்குச் சிவப்புப் பட்டை ஒட்டிவிட்டதாகச் சொன்னார். அந்தக் காரை ஓட்டியவரிடம் மட்டும் நாங்கள் எதுவும் சொல்ல இயலவில்லை. அவரும் ஒருநாள் எவரையேனும் பார்க்க இங்கு வரக்கூடும். காத்திருக்கும் வேளையில் இவ்விதழைப் புரட்டவும் கூடும். அவருக்காகவும் இதை எழுதினோம்.

இன்று வீடு திரும்புவோர் வண்டியைக் கிளப்புமுன் விளக்கையும் பட்டையையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். நலமாகப் போய் வாருங்கள்.