இரண்டு ஆறுகளும் ஒரு சைக்கிளும்

கரமனையில் என்ன விசேஷம் என்று வெளியூர் உறவினர்கள் கேட்டால், சத்தியவாகீசுவரர் கோயிலையும் அக்கிரகாரத்தையும் சொல்வோம். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரசுவதி அம்மனும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் நம் ஊர் வழியாகத்தான் கோட்டைக்குப் போகிறார்கள் என்று பெருமைப்பட்டுக்கொள்வோம். ஆனால் இரண்டு ஆறுகளுக்கு நடுவே இருக்கும் ஊர் இது என்று யாரும் சொல்வதில்லை. கிழக்கே கரமனையாறு, மேற்கே கிள்ளியாறு. இது எனக்கே உறைத்தது அறுபத்தெட்டாவது வயதில், அதுவும் பத்து வயதுப் பேத்தி சொல்லித்தான்.

சென்ற ஆண்டு இரண்டு மாதம் சிங்கப்பூரில் மகன் வீட்டில் இருந்தேன். முதல் வாரம் ஜன்னல் வழியாக மற்ற அடுக்கு மாடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்த்த பேத்தி, "தாத்தா, உங்களுக்கு சைக்கிள் விடத் தெரியுமா?" என்று கேட்டாள். என்னிடம் கேட்கிற கேள்வியா இது! மணிக்கூர் வாடகைக்கு சைக்கிள் எடுத்து, குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்ட தலைமுறையல்லவா நாம்? டைனமோ விளக்கு எரியாமல் போலீசுக்காரரிடம் மாட்டிய அனுபவமும் உண்டு.

மறுநாள் காலை பீஷான் பூங்காவிலிருந்து கிளம்பினோம். காலாங் என்பது சிங்கப்பூரின் மிக நீளமான ஆறு. நீளம் என்றால் 10 கிலோமீட்டர்தான். நம் கரமனையாறு 68 கிலோமீட்டர் என்று பேத்தியிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை. ஆனால் அந்தச் சிறிய ஆற்றை ஒட்டி, வழுவழுப்பான தனிப் பாதையில், ஒரு காரையும் பார்க்காமல் வெகுதூரம் போய்விட்டோம். வழிநெடுக மர நிழல். சாலை குறுக்கிடும் சில இடங்களில் பாதை அதன் அடியிலே புகுந்து போகிறது. பொத்தோங் பாசிர் பக்கம் சிவதுர்க்கை அம்மன் கோயில் இருக்கிறது. இறங்கிக் கும்பிட்டுவிட்டு மறுபடி மிதித்தோம். இப்படிப் பூங்காக்களை ஒன்றோடொன்று கோத்து அந்தத் தீவில் 300 கிலோமீட்டருக்கும் மேல் பாதை போட்டிருக்கிறார்களாம். நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர், சைக்கிள் பாதையில் 25 கிலோமீட்டர் என்று வேகத்துக்கும் வரம்பு உண்டு. இரண்டையும் நான் மீறவில்லை. முழங்கால் விடவில்லை.

இதெல்லாம் இறைவன் கொடுத்த வரமா என்றால் இல்லை. ஒரு காலத்தில் காலாங் ஆற்றுப் பகுதியில் பன்றிப் பண்ணையும் வாத்துப் பண்ணையும் படகுப் பட்டறையும் நிறைந்து, சாக்கடை நாற்றம் வீசியது. 1977ல் அன்றைய பிரதமர் லீ குவான் யூ, பத்தே ஆண்டில் ஆறு சுத்தமாக வேண்டும் என்று கெடு வைத்தார். 1987ல் அது நடந்தது. பண்ணைக்காரர்களும் தெருவோரக் கடைக்காரர்களும் இடம் பெயர வேண்டியிருந்தது. அந்தக் கஷ்டத்தையும் சேர்த்துத்தான் கணக்கில் வைக்க வேண்டும்.

பீஷான் பூங்காவில் நான் கண்டது அதைவிட ஆச்சரியம். அங்கே ஆறு 2.7 கிலோமீட்டர் நேர்க்கோடாக ஓடும் சிமெண்ட் வாய்க்காலாக இருந்தது. அந்தச் சிமெண்டை உடைத்தெடுத்து, புல்லும் பாறையும் வைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்து நெளிந்து ஓடும்படி 2012ல் திறந்துவிட்டார்கள். மழை கொட்டினால் தண்ணீர் புல்வெளியில் பரவி நிற்கும், பிறகு வடியும். நீர் ஏறினால் விளக்கு மின்னும், சங்கு ஊதும், மக்கள் மேட்டுக்குப் போய்விடுவார்கள். நீர்நாய்கள் கூடத் திரும்பி வந்திருக்கின்றன. குட்டிகளோடு ஒரு குடும்பத்தையே பார்த்தோம்.

பாலத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது மகன் மெதுவாகச் சொன்னான்: "அப்பா, கரமனை வீட்டைக் கொடுத்துவிட்டு இங்கேயே வந்துவிடுங்கள். அங்கே தனியாக என்ன செய்கிறீர்கள்?" உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அந்தக் காலைப் பொழுதில் அவன் சொன்னது நியாயமாகவே பட்டது.

பள்ளி விடுமுறைக்கு அவர்கள் இங்கே வந்தார்கள். வந்த மறுநாளே பேத்தி தரைப்படத்தைக் காட்டினாள். "தாத்தா, இங்கே ரெண்டு ஆறு இருக்கு. ஒரு ரவுண்டு போகலாமா?" பக்கத்து வீட்டுப் பையனின் சைக்கிள் அவளுக்கு. துருப்பிடித்துக் கிடந்த என் சைக்கிளுக்கு டியூபும் டயரும் மாற்றினேன். விடியுமுன் புறப்பட்டோம், ஏனென்றால் எட்டு மணிக்குப் பிறகு நம் சாலையில் குழந்தையை விட எனக்குத் தைரியம் கிடையாது.

முதலில் கரமனைப் பாலம். சிறுவயதில் அதன் அருகிலுள்ள படித்துறையில்தான் எங்களுக்குக் குளியல். நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, சாலைக் கடைத்தெருவில் கணக்கெழுதிய என் அப்பா, தினமும் அங்கே முங்கி எழுந்துதான் வேலைக்குப் போவார். அகத்தியமலைப் பக்கம் பிறந்து, பேப்பாறை, அருவிக்கரை அணைகளைக் கடந்து வருகிற ஆறு இது. 1933 முதல் நகரம் குடிப்பது அருவிக்கரைத் தண்ணீரைத்தான். மேலே குடிநீர், கீழே வந்தால் கழிவுநீர்! 2018ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடெங்கும் அடையாளம் காட்டிய 351 ஆற்றுப் பகுதிகளில், மிக மோசமான முதல் வகையில் கரமனையாறும் இருந்தது.

"தாத்தா, ஏன் யாருமே தண்ணியிலே இறங்கலை?" என்று கேட்டாள்.

"முன்னே இறங்குவோம் மக்களே," என்றேன். வேறென்ன சொல்ல?

ஆழாங்கலில் ஆற்றோரமாக நடைபாதை ஒன்று இருக்கிறது. அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தோம். தென்னை நிழல், எதிர்க்கரையில் ஒரு மீன்கொத்தி. அந்தக் கொஞ்ச தூரம் சிங்கப்பூருக்குக் குறைந்ததல்ல. பிறகு காலடி வழியாகக் கிள்ளியாற்றைக் கடந்து ஆற்றுகால் சேர்ந்தோம். 1997ல் 15 லட்சம் பெண்கள் பொங்கலிட்டுக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்ற அம்மன் சந்நிதி, அந்த அதிகாலையில் அமைதியாக இருந்தது. இங்கிருந்து தெற்கே இரண்டு ஆறுகளும் ஒன்றாகி, திருவல்லம் பரசுராமர் கோயிலைத் தொட்டு, பனத்துறை அருகே கடலில் கலக்கின்றன. அப்பாவின் அஸ்தியைக் கரைத்ததும், ஆடி அமாவாசைக்கு நான் பிண்டம் வைப்பதும் அந்தத் திருவல்லத்தில்தான். அதைப் பேத்தியிடம் சொன்னபோது, அவள் ஆற்றையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

கிள்ளிப்பாலம் வழியாகத் திரும்பினோம். கிள்ளியாறு அங்கே சுவர்களுக்கு நடுவே ஒரு ஓடை. நெடுமங்காட்டுப் பக்கத்திலிருந்து வருகிற இந்த ஆற்றில் 2018ல் 'கிள்ளியாறு மிஷன்' என்ற பெயரில் ஊர்மக்கள் திரளாக இறங்கிக் குப்பை அள்ளினார்கள். ஆக, அக்கறை இல்லாத ஊர் அல்ல இது. மறைந்த எழுத்தாளர் ஆ. மாதவன் 'புனலும் மணலும்' நாவலில் ஆற்று மணல் அள்ளிப் பிழைத்தவர்களின் வாழ்க்கையை எழுதியதும், சாலைத் தெருவில் கடை வைத்துக்கொண்டு இந்த நகரத்தில் இருந்துதான். தமிழனுக்கும் இந்த ஊர் ஆறுகளுக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல.

வீட்டுக்கு வந்ததும் பேத்தி ஒரு தாளில் எங்கள் சுற்றை வரைந்தாள். நடைபாதை இருந்த இடத்துக்குப் பச்சை, லாரியும் பஸ்ஸும் விரட்டிய இடத்துக்குச் சிவப்பு. சிவப்பே அதிகம். "மீதியையும் பச்சை ஆக்கினா ஒரு முழு ரவுண்டு வருமே தாத்தா" என்றாள். குழந்தை சுலபமாகச் சொல்லிவிட்டாள். நிலம், பணம், கழிவுநீர்க் குழாய் என்று பெரியவர்கள் ஆயிரம் சொல்வோம். ஆனால் காலாங்கிலும் பத்து ஆண்டு பிடித்தது என்பதையும் மறக்கக்கூடாது.

விமான நிலையத்தில் மகன் வீட்டுப் பேச்சை மறுபடி எடுத்தான். "அடுத்த விடுமுறைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா, பிறகு பேசுவோம்" என்றேன். அந்தத் தாள் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு நான் அந்தச் சுற்றைப் போய் வருகிறேன். போகிற வழியில் எங்கே குப்பை கொட்டுகிறார்கள், எங்கே கரை இடிந்திருக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். சைக்கிள் உள்ள சங்க அன்பர்கள் சேர்ந்துகொள்ளலாம். இல்லாதவர்கள் ஆழாங்கலில் நடக்க வரலாம். நோட்டில் இன்னும் நிறையப் பக்கங்கள் பாக்கி இருக்கின்றன.